விதைநெல், கொம்பறை, துலா: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம். 2022இல் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றது. அதைவிட மோசமாக எல்லாம் நின்றுபோனாலும் குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று இப்போதே ஆயத்தமாகிறேன்.

போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தை வன்னியில் கடந்த அம்மாமார், ஐயாமார்தான் இதற்குச் சரியான ஆட்கள். ஜாம் போத்தல் விளக்கு, சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம் எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். என் பெரிய கவலை விதைநெல்தான். கடையில் வாங்கும் விதையையும் உரத்தையும் நம்பி எத்தனை நாள் இருப்பது? 2021இல் உரம் இல்லாமல் பட்டபாடு போதும்.

மொட்டைக்கறுப்பன் என்ற நம் பாரம்பரிய நெல்லின் விதை யாரிடமாவது இருக்கிறதா? கொஞ்சம் தந்தாலும் போதும், விலை தருகிறேன். வேப்பிலையோ நொச்சியோ, வண்டு விழாமல் அடுத்த காலபோகம் (மாரிகால நெற்செய்கை) வரை எப்படி வைப்பீர்கள்? நெல் சேமிக்கும் கொம்பறை கட்டத் தெரிந்தவர்கள் யார்? அப்புறம், கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா போட எந்த மரம் நல்லது?