ரிவால்வர் ஆல்பம் மாதிரி டேப் லூப் வச்சு ஒரு கானா: சில சந்தேகம்

வியாசை_டோலக் எழுதியது:

பீட்டில்ஸோட ‘ரிவால்வர்’ (1966) ஆல்பத்துல கடைசிப் பாட்டு ‘டுமாரோ நெவர் நோஸ்’. அந்த முறையில டேப் லூப் (ரெண்டு முனையும் ஒட்டி, திரும்பத் திரும்பச் சுத்துற டேப் துண்டு) வச்சு ஒரு கானா பதிவு பண்றோம். இடம் வியாசர்பாடி, மாடி ரூம். டோலக், சுருதிப் பெட்டி, கிடார், ஒரு குரல். கையில இருக்கிறது அமெரிக்காவுல இருந்து வந்த பழைய ஸ்பூல் மெஷின் (டேப் ரெக்கார்டர்). கால் இஞ்ச் டேப், நாலு டிராக் ஸ்டீரியோ. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுறோம். கூட ஒரு லேப்டாப், ரெண்டு மைக்.

வேற மெஷின்ல ஒரு கட்டையில பதிவான சுருதியை இதுல போட்டா ஆறு கட்டைக்கு இறங்கிடுது. லூப் சுத்தும்போதெல்லாம் ஒட்டுப் போட்ட இடத்துல ‘டக்’னு அடிக்குது. கிடாரைத் தலைகீழா ஓட்டலாம்னு ஸ்பூலைத் திருப்பிப் போட்டா கிடாரே கேட்கல, டேப் சும்மா ஓடுது. அப்புறம் பாட்டோட பின்பாதியில ஜான் லெனன் குரல் சுழண்டு வருதே, அதுக்கு என்ன வழி? தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

ராயபுரம்_ஸ்பூல் எழுதியது:

தம்பி, மெஷின் பின்னாடி இருக்கிற தகட்டைப் பாருங்க. 117 வோல்ட், 60 சைக்கிள்னு (கரண்ட் செகண்டுக்கு 60 தடவை அலையுறது) போட்டிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும். நம்ம லைன் 50 சைக்கிள், அது அப்படியேதான் இருக்கும். லைன் சைக்கிளைப் பிடிச்சுச் சுத்துற மோட்டார்னா ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான் வரும். அதாவது சுருதி மூணு அரைக்கட்டைக்கு மேல இறங்கும். ஒரு கட்டை ஆறு கட்டையா கேட்கிறது அதனாலதான். பெல்ட் தளர்ந்திருந்தா சுருதி ஆடும், இப்படி ஒரே சீரா இறங்காது.

சில மாடல்ல 50/60 சுவிட்ச் உண்டு. இல்லேன்னா மோட்டார் புல்லியை 1.2 மடங்கு விட்டத்துல கடைசல் பட்டறையில போட்டுக்கலாம். உங்க வேலைக்கு அது கூடத் தேவையில்ல. இதே மெஷின்ல பதிவு பண்ணி இதுலயே ஓட்டினா சுருதி சரியாவே இருக்கும். லூப் நீளக் கணக்கு மட்டும் மாறும். ஏழரை இஞ்ச் வேகம்னு எழுதியிருந்தாலும் ஓடுறது ஆறேகால் இஞ்ச். நாலு செகண்ட் லூப்புக்கு 30 இஞ்ச் வெட்டாதீங்க, 25 வெட்டுங்க.

‘டக்’ சத்தத்துக்கு முதல்ல பிளேடைச் சந்தேகப்படணும். காந்தம் ஏறின பிளேடால வெட்டினா வெட்டின இடத்துலயே சத்தம் பதிஞ்சிடும். புது பிளேடைக் காந்தம் நீக்குற டீமேக்னடைசர்ல காட்டிட்டு, 45 டிகிரி சாய்வா வெட்டுங்க. ரெண்டு முனையும் இடைவெளி இல்லாம, ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம உட்காரணும். ஒட்டுறது காந்தப் பூச்சு இல்லாத பக்கம். ஸ்ப்ளைசிங் டேப்தான் போடணும். சாதா செலோடேப் போட்டா நம்ம ஊர் வெக்கைக்குப் பசை கசிஞ்சு பக்கத்துச் சுத்தோட ஒட்டும், டேப்பைப் படிக்கிற ஹெட்லயும் அப்பிக்கும்.

இதுக்கு அப்புறமும் டக் வந்தா காரணம் உங்க நாலு டிராக்தான். கால் இஞ்ச் அகலம் முழுக்கப் பதிவாகிற மெஷின்ல சாய்வு வெட்டுல ஒரு முனையோட சத்தம் அடுத்த முனைக்கு 33 மில்லிசெகண்ட் கலந்து மாறும், அதுவும் ஏழரை இஞ்ச் வேகத்துல. உங்க மெஷின்ல ஒரு டிராக் அகலம் ஒரு மில்லிமீட்டர்தான், அதனால 5 மில்லிசெகண்ட்லயே மாறிடும். நீட்டி ஒலிக்கிற சுருதியை நடுவுல வெட்டாதீங்க. டோலக் அடி விழற இடத்துக்குச் சட்டுனு முன்னாடி வெட்டுங்க, அடியே ஒட்டை மறைச்சிடும்.

ஸ்பூலைத் திருப்பினா கிடார் வராததுக்கும் அதே நாலு டிராக்தான் காரணம். நாலுல நீங்க பதிவு பண்ணது 1, 3ஆவது டிராக். திருப்பினதும் ஹெட்டுக்கு எதிர்ல வர்றது காலியா இருக்கிற 4, 2. ரெண்டு டிராக் மெஷின்லதான் திருப்பினா தலைகீழா கேட்கும். லேப்டாப்ல ரிவர்ஸ் பண்ணிடுங்க, அதுல குறை ஒண்ணுமில்ல.

எண்ணூர்_மிக்ஸர் எழுதியது:

அண்ணன் சொன்னதோட கிடாருக்கு ஒண்ணு. ஏதோ வாசிச்சு ரிவர்ஸ் பண்ணா குப்பையாத்தான் வரும். இதே ஆல்பத்துல ‘ஐ ஆம் ஒன்லி ஸ்லீப்பிங்’ தலைகீழ் கிடாரை ஜார்ஜ் ஹாரிசன் யோசிச்சு வச்சு வாசிச்சிருக்காரு. வேணுங்கிற சங்கதியை வாயால பாடிப் பதிவு பண்ணுங்க. அதைத் திருப்பிக் கேட்டு, திரும்பின வடிவத்தைக் கிடார்ல பழகுங்க. அதை வாசிச்சுப் பதிவு பண்ணி மறுபடி திருப்பினா, நீங்க பாடின சங்கதி அந்த உறிஞ்சுற ஓசையோட வரும்.

குரல் விஷயம். முன்பாதியில லெனன் குரலுக்குப் போட்டது ஏடிடி, அதாவது ஒரு குரலைத் தானா ரெட்டைக் குரலாக்குற முறை. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோ எஞ்சினியர் கென் டவுன்சென்ட் கண்டுபிடிச்சது. ஒரே குரலை இன்னொரு மெஷின் வழியா விட்டு, அதோட வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் அசைக்கிறது. லேப்டாப்ல குரலை நகல் எடுத்து 20லிருந்து 40 மில்லிசெகண்ட் தள்ளி வைங்க. அந்த இடைவெளி மெதுவா ஆடணும். அசையாம வச்சா குழாய்க்குள்ள பாடின மாதிரி ஆயிடும்.

பின்பாதி, ஹாமண்ட் ஆர்கனோட லெஸ்லி ஸ்பீக்கர் (சத்தத்தைச் சுழற்றி விடுற பெட்டி) வழியா விட்ட குரல். அந்த மாதிரி ஒண்ணை நாமளே செய்யலாம். 8 இஞ்ச் ஸ்பீக்கரை மேல பார்க்க வச்சு, அதுக்கு மேல 45 டிகிரி சாய்ஞ்ச லேசான பிளைவுட் பலகையைச் சுத்த விடுங்க. மோட்டார் 12 வோல்ட், 300 ஆர்பிஎம் கியர் மோட்டார், கூட ஒரு வேகக் கட்டுப்பாட்டு போர்டு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டும் கிடைக்கும். டேபிள் ஃபேன் மோட்டார் வேண்டாம், வேகம் ரொம்ப அதிகம். பலகைக்கு எதிர்ப்பக்கம் எடை கட்டுங்க, இல்லேன்னா பெட்டியே தடதடக்கும். மைக் ரெண்டும் எதிரெதிரா, ஒரு அடி தள்ளி.

வியாசை_டோலக் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே. மோட்டார் இரைச்சல் மைக்ல ஏறாதா? அப்புறம், ஒரே மெஷின் வச்சுகிட்டு அஞ்சு லூப்பை எப்படிச் சேர்க்கிறது?

எண்ணூர்_மிக்ஸர் எழுதியது:

மோட்டார் காலுங்க குறுக்க 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு போடுங்க, கரகரப்பு அடங்கும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிட்டா காத்துச் சத்தமும் போயிடும்.

காசிமேடு_காது எழுதியது:

1966 ஏப்ரல் 7ல அபே ரோட்டுல அஞ்சு மெஷின்ல அஞ்சு லூப்பை ஒரே நேரத்துல ஓட்டி, டேப் தொய்யாம ஆட்கள் பென்சிலால பிடிச்சுகிட்டு நின்னாங்க. ஒவ்வொரு லூப்பும் ஒரு ஃபேடர்ல (சத்தத்தை ஏத்தி இறக்குற தள்ளு பிடி). எதை எப்போ ஏத்தணும் இறக்கணும்ங்கிறது அந்த நிமிஷத்துல கை முடிவு பண்ணது. அதனாலதான் அந்த மிக்ஸை அப்படியே திரும்பப் பண்ண முடியாது. எஃபெக்டை விட இதுதான் அந்தப் பாட்டோட உயிர்னு நான் நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு மெஷின் போதும். ஒவ்வொரு லூப்பையும் முழுப் பாட்டு நீளத்துக்கு ஓடவிட்டு லேப்டாப்ல தனித்தனி டிராக்கா ஏத்துங்க. தாளத்துக்கு இழுத்துக் கட்டாதீங்க. நாலு செகண்ட் ஒண்ணு, அஞ்சு செகண்ட் ஒண்ணுன்னு நீளம் வேற வேறயா இருந்தா 20 செகண்டுக்கு ஒரு தடவைதான் ரெண்டும் சேர்ந்து தொடங்கும், நடுவுல எல்லாம் புதுசு புதுசா உரசும். மிக்ஸை மவுஸால வரையாதீங்க. நிஜ ஃபேடர் இருக்கிற சின்ன மிக்ஸர்ல, ஆளுக்கு ரெண்டு ஃபேடர்னு பிடிச்சு ஒரே ஓட்டத்துல எடுங்க.

ரீல்ல இல்லாம ஓடுற லூப்புக்கு இழுவிசை கிடையாது. ஹெட்டை விட்டு விலகினா சத்தம் மந்தமாகும். லூப்பை மைக் ஸ்டாண்டைச் சுத்தி விட்டு, லேசா இழுத்து நிறுத்துங்க. டேப் இல்லேன்னு மெஷின் தானா நின்னா, டேப் இருக்கான்னு பார்க்கிற அந்தச் சின்னக் கையை ரப்பர் பேண்டால தூக்கிக் கட்டுங்க.

‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டுல கடற்பறவை கத்துற மாதிரி கேட்கிறது பால் மெக்கார்ட்னி சிரிச்சதை வேகமா ஓட்டினது. விடியக்காலையில மீன் ஏலக்குரலை எடுத்து ரெட்டை வேகத்துல விடுங்க, ஒரு ஸ்தாயி மேல போயிடும். அந்தப் பாட்டு முழுக்க ஒரு கட்டை சுருதியிலயே நிக்கும், மேல கைசிகி நிஷாதம் வந்து வந்து போகும். உங்க சுருதிப் பெட்டிக்கு அது பொருந்தும்.

டோலக்கை மறந்துடாதீங்க. ரிங்கோவோட பாஸ் டிரம்முக்குள்ள ஸ்வெட்டரைத் திணிச்சு, மைக்கை ஒட்டி வச்சு, சத்தம் எகிறாம அமுக்குற லிமிட்டர்ல நசுக்கித்தான் அந்த இடி வந்துச்சு. டோலக்ல துணி திணிக்க முடியாது. தொப்பிப் பக்கம் (கனத்த சத்தம் வர்ற பக்கம்) நாலு இஞ்சுல மைக், தோல் மேல ஓரமா மடிச்ச துண்டு. கம்ப்ரெஸர் விகிதம் 10க்கு 1, அட்டாக் (அது அமுக்க ஆரம்பிக்க எடுக்கிற நேரம்) 20 மில்லிசெகண்டுக்குக் குறையாம. குறைச்சா கை விழற சத்தமே செத்துடும்.