பத்திரத்தில் 16 அடி, வீதியில் 13 அடி

கீழக்கரையிலிருந்து:

எங்கள் ஊரில் வீடு பெண்மக்களுக்குத்தான் போகும். உம்மாவின் ஒரே வீட்டை நாங்கள் மூன்று பேர் பங்கிட வேண்டியிருந்ததால், பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே தூண்களுக்கிடையே வண்டிகள் நிற்கும் தளமும் அதன் மேல் தளத்துக்கு ஒன்றாக மூன்று வீடுகளும் கட்டத் தீர்மானித்தோம். மனை 1,800 சதுர அடி. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2 என்பதால் 3,600 சதுர அடி கட்டலாம் என்று பொறியாளர் கணக்கிட்டு, ஆளுக்கு 1,200 என வகுத்துக் கொடுத்தார். விதிப்படி கட்டுவதாக நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைத்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். 2024இல் வந்தபோது அந்த முறை 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுவோருக்கானதாக இருந்ததால், எங்களுக்கு அது பொருந்தவில்லை.

இணையத்தில் விண்ணப்பித்த சில வாரங்களில் இடத்தைப் பார்க்க வந்தார்கள். பத்திரத்தில் எங்கள் வீதி 16 அடி. எதிர்வீட்டுத் திண்ணையின் விளிம்பில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை எங்கள் வாசற்படி வரை இழுத்தபோது 13 அடி 4 அங்குலத்தில் நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாக இரு பக்கத்தாரும் படியும் திண்ணையுமாக வீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறோம்; அதில் எங்கள் வீட்டுப் பங்கும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, கட்டடத்தின் உயரம், வீடுகளின் எண்ணிக்கை, முன்புறம் விட வேண்டிய இடைவெளி ஆகிய மூன்றும் வீதியின் அகலத்தைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. பொறியாளர் நாடாவை எடுக்காமல் பத்திரத்தை மட்டும் நம்பி வரைந்திருந்தார். குறிப்புகளோடு கோப்பு திரும்பி வந்தது. மேல்தளம் ஒன்று போயிற்று, ஒரு தளத்தின் பரப்பும் 950 சதுர அடியாகச் சுருங்கியது. நான் பெரும்பாலும் சென்னையில் இருப்பதால், கீழ்த்தளத்தின் பின்பாதியில் அமையும் சிறிய வீட்டை எடுத்துக்கொண்டேன். லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, அதில் இன்றளவும் மனக்குறைதான்.

திரும்பி வந்த குறிப்புகள் எல்லாம் அடிக்கணக்கைப் பற்றியவை. வீதியைப் பார்த்து நிற்கும் முகம் கதவும் திண்ணையுமாக இருக்குமா, நாள் முழுவதும் பூட்டிய இரும்புக் கேட்டும் கார்களின் பின்புறமுமாக இருக்குமா என்று அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

இராமேசுவரத்திலிருந்து:

மேலே எழுதிய சகோதரிக்காவது வீதி குறுகியது. எனக்கு மனை வீதியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே வினையாயிற்று. ஆறு வீடுகள் கொண்ட குடியிருப்பு கட்டலாம் என்று கடலைப் பார்த்த மனை ஒன்றைப் பேசி, முன்பணமும் கொடுத்திருந்தேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அலை ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை நிலப்பகுதி அதன் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. நகராட்சி எல்லைக்குள் கட்டடங்கள் நெருங்கி எழுந்துவிட்ட இரண்டாம் மண்டலமாக இருந்தாலும், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். எந்தச் சாதகத்தைச் சொல்லித் தரகர் விலையை ஏற்றினாரோ, அந்தக் கடல்பக்கமே எனக்குப் பாதகமாக முடிந்தது. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மனை வாங்குவோர் வில்லங்கச் சான்றுக்கு முன்பே, புல எண்ணோடு கடலோர மண்டல வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

உச்சிப்புளியிலிருந்து:

எங்கள் பக்கத்தில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம் இருப்பதால், உயரத்துக்குத் தனியே தடையின்மைச் சான்று கேட்டார்கள். அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து கட்டடத்தின் உச்சி வரை கணக்கிடப்படுவது, மொட்டைமாடியோடு முடிவதில்லை. மாடிப்படி அறை, அதன் மேல் தண்ணீர்த்தொட்டி, இடிதாங்கிக் கம்பி எல்லாம் அதில் அடக்கம். இவற்றைச் சேர்க்காமல் அனுப்பியதால் வரைபடத்தை இரண்டு முறை மாற்றினோம். அது கிடக்கட்டும், கீழக்கரைச் சகோதரி திண்ணையை என்ன செய்தார் என்பதைச் சொல்லவே இல்லையே?

கீழக்கரையிலிருந்து மீண்டும்:

முன்புற இடைவெளிக்குள் திண்ணை எழுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே கட்டடக் கோட்டுக்கு உள்ளே, கீழ்த்தளத்தின் ஒரு மூலையில், சுவரை நாலடி உள்வாங்கி, அந்தக் குழிவில் திண்ணையை அமைத்தோம். பழைய திண்ணையின் கல்பலகையையே அதன்மேல் பதித்திருக்கிறோம். வீதியிலிருந்து அது இப்போது எட்டி நிற்கிறது. உம்மா அங்கே உட்கார்ந்தபடி எதிர்வீட்டாரோடு பேசக் குரலைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கிறது.