போர்ட்ஃபோலியோவில் கிறுக்கல் நோட்டையும் வைக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். கலை, வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். விண்ணப்பத்தோடு காட்ட வேண்டிய படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். முடித்த ஓவியங்களை மட்டும் அடுக்கியிருந்தேன், அதைப் பார்த்த சீனியர் அக்கா, "நீ யோசிச்ச தடம் எங்கே?" என்று கேட்டுவிட்டார். நியாயம்தான். ஒரே நாற்காலியை 11 விதமாகக் கிறுக்கிய நோட்டு ஒன்று இருக்கிறது, நடுவில் மைக்கறை வேறு. அப்படியே ஸ்கேன் செய்யலாமா, திரும்ப வரையணுமா? திரும்ப வரைந்தால் உயிர் போய்விடுகிறது, அதுதான் தயக்கம்.

இன்னொன்று, ஏ1 தாளில் (594 × 841 மி.மீ.) கரியால் வரைந்தவை ஸ்கேனரில் அடங்காது. போனில் எடுத்தால் ஒரு ஓரம் இருட்டடிக்கிறது. நீங்களெல்லாம் எப்படி எடுத்தீர்கள்? நேர்காணலில் எந்தப் பக்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள் என்றும் சொல்லுங்களேன்.