50 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டரில் கூர்மை, டிஎஸ்எல்ஆரில் மங்கல்: காரணம் லென்ஸா, பாடியா?

இருட்டறை:
வணக்கம். இரண்டு பாடியும் ஃபுல் ஃபிரேம், இரண்டும் 24 மெகாபிக்சல். ஒன்று எம் மௌண்ட் (லைக்கா வகை லென்ஸ் பொருத்தி) ரேஞ்ச்ஃபைண்டர், தனி ஜன்னலில் இரட்டைப் பிம்பத்தைப் பொருத்தி ஃபோகஸ் செய்வது; அதில் 50 மி.மீ. எஃப்/2. மற்றது டிஎஸ்எல்ஆர், லென்ஸ் வழி வரும் ஒளியை உள்ளே ஒரு கண்ணாடி வியூஃபைண்டருக்குத் திருப்புவது; அதில் 50 மி.மீ. எஃப்/1.8, அதையும் எஃப்/2-இல் வைத்தேன். ஐஎஸ்ஓ 400, 1/60, கையில் பிடித்து, ஒன்றரை மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய செய்தித்தாள். நூறு சதவீதத்தில் விரித்தால் ரேஞ்ச்ஃபைண்டர் படத்தில் ‘ண’வின் சுழிகள் தனித்தனியாக நிற்கின்றன. டிஎஸ்எல்ஆர் படத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பத்துப் படம் எடுத்தாலும் இதே கதை. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸே மேல் என்று முடிவு கட்டலாமா?

பட்டகம்:
கட்ட முடியாது நண்பரே. இந்தச் சோதனையில் லென்ஸ், ஃபோகஸ், ஆட்டம் மூன்றும் கலந்துகிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்.

முதலில் டிஎஸ்எல்ஆரை டிரைபாடில் ஏற்றி, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) எழுத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கையாலேயே ஃபோகஸ் செய்யுங்கள். 2 வினாடி டைமர். லைவ் வியூவில் பெரும்பாலும் கண்ணாடி ஏற்கெனவே மேலே இருக்கும். சில பாடிகளில் அது ஒருமுறை இறங்கி ஏறும்; அவற்றில் மிரர் அப் முறையையும் (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்துவது) சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் சுழிகள் பிரிந்துவிட்டால் லென்ஸ் நிரபராதி.

அடுத்து, அதே டிரைபாடில் வியூஃபைண்டர் வழி ஆட்டோஃபோகஸ். ஐந்து படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தை ஒருமுறை இன்ஃபினிட்டிக்கும் (மிகத் தொலைவு) மறுமுறை மிக அருகுக்கும் தள்ளிவிட்டு ஃபோகஸ் செய்யவைக்க வேண்டும். இல்லையென்றால் பழைய நிலையிலேயே நின்றுகொண்டு ‘சரி’ என்று சொல்லிவிடும். ஐந்தும் ஒரே மாதிரி மங்கினால் அளவீட்டுப் பிழை, மெனுவில் ஒரு திருத்த எண் கொடுத்துச் சரிசெய்யலாம். ஒன்று கூர்மை, ஒன்று மங்கல் என்று தாறுமாறாக வந்தால் அதைத் திருத்தி எடுக்கும் எண் எதுவும் இல்லை.

அளவீட்டுப் பிழை வரக் காரணம் இது: டிஎஸ்எல்ஆரின் ஆட்டோஃபோகஸ் சென்சார் படம் பதியும் சென்சார் அல்ல. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியைக் கொஞ்சம் ஊடுருவ விடும். பின்னால் உள்ள சின்னக் கண்ணாடி அதைக் கீழே திருப்ப, பாடியின் அடியில் இருக்கும் தனிச் சென்சார் அளக்கும். லென்ஸிலிருந்து இந்தச் சென்சாருக்கும் படம் பதியும் சென்சாருக்கும் போகும் இரண்டு பாதைகளின் நீளமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். 0.05 மி.மீ. பிசகினாலே எஃப்/2-இல் ஒரு புள்ளி 0.025 மி.மீ. அகல வட்டமாகப் பதியும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சல் 6 மைக்ரான். ஆக, நான்கு பிக்சல் கலங்கல். உங்கள் ‘ண’வைக் குழப்ப அது போதும்.

மெனுவில் ஆட்டோஃபோகஸ் நுண்திருத்தம் இருந்தால் (நிக்கான், கேனான் இரண்டிலும் −20 முதல் +20 வரை, விலை குறைந்த பாடிகளில் கிடையாது) குறிப்பலகையை ஃபோகல் நீளத்தைப் போல 50 மடங்கு தூரத்தில், அதாவது 2.5 மீட்டரில் வையுங்கள். ஃபோகஸ் முன்னால் விழுந்தால் பிளஸ், பின்னால் விழுந்தால் மைனஸ். ஐந்து ஐந்தாக நகர்த்தி, நெருங்கியதும் ஒவ்வொன்றாக.

வெள்ளிஉப்பு:
பட்டகம் சொன்னது முழுக்கச் சரி. ரேஞ்ச்ஃபைண்டர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் தெய்வம் அல்ல.

அங்கே நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. லென்ஸின் பின்விளிம்பு பாடியில் உள்ள சின்ன உருளையைத் தள்ளுகிறது, ஜன்னலில் இரட்டைப் பிம்பம் நகர்கிறது. துல்லியம் இரண்டு ஜன்னல்களின் இடைவெளியையும் வியூஃபைண்டர் உருப்பெருக்கத்தையும் பொறுத்தது; இரண்டையும் பெருக்கி வரும் எண் பெரிதானால் துல்லியமும் கூடும். லைக்கா எம்3-இல் 68.5 மி.மீ. × 0.91, ஏறத்தாழ 62. டிஜிட்டல் எம்9-இல் 69.25 × 0.68, சுமார் 47. எந்த லென்ஸை மாட்டினாலும் இந்த எண் மாறாது, ஆனால் நீள லென்ஸுக்குத் துல்லியம் அதிகம் வேண்டும். அதனால்தான் 28, 35-இல் ரேஞ்ச்ஃபைண்டர் அசைக்க முடியாதது, 90 மி.மீ. எஃப்/2-இல் திணறுகிறது, 135-இல் டிஎஸ்எல்ஆர் கையே ஓங்கும்.

பலர் கவனிக்காத தவறு, நடுப்புள்ளியில் ஒருவரின் கண்ணுக்கு ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்புவது. 50 மி.மீ. எஃப்/1.4, ஒரு மீட்டர், 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் 3.4 செ.மீ. போய்விடும். அந்தத் தளத்துக்கு முன்பக்கம் கிடைக்கும் கூர்மை ஆழம் வெறும் 1.6 செ.மீ. திருப்பிய பிறகு உடலைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் ஈடுகட்டலாம்.

லென்ஸை இன்ஃபினிட்டி முனைவரை திருப்பி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ நிலவையோ பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று அமர வேண்டும். அமராவிட்டால் திருகைத் தொடாதீர்கள். தூரத் திருத்தமும் அருகுத் திருத்தமும் ஒன்றையொன்று இழுக்கும். பழகிய கையிடம் கொடுங்கள்.

இருட்டறை:
பிரித்துப் பார்த்தேன். லைவ் வியூவில் இரண்டு லென்ஸுக்கும் நடுப்பகுதியில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. நுண்திருத்தம் +8-இல் செய்தித்தாள் தெளிந்தது. ஆனால் டிரைபாடில் 1/15-இல், மிரர் அப் இல்லாமல் எடுத்தால் படுக்கைக் கோடுகள் மட்டும் இரட்டிக்கின்றன. அப்புறம், 21 மி.மீ. போன்ற அகல லென்ஸிலும் இதே முடிவுதானா?

பட்டகம்:
படுக்கைக் கோடு மட்டும் இரட்டிப்பது கண்ணாடி அடிக்கும் அதிர்வுதான். கேமரா மேலும் கீழும் ஆடுகிறது. டிரைபாடில் 1/4 முதல் 1/30 வரை இதற்கு மோசமான இடம். பல வினாடி எக்ஸ்போஷரில் அதிர்வு நேரம் மிகச் சிறு பங்கு, 1/250-இல் படம் அதற்குள் முடிந்துவிடும். கையில் பிடிக்கும்போது கை ஆட்டமே பெரிது: 24 மெகாபிக்சலில் 50 மி.மீ.க்கு 1/60 போதாது, 1/125-க்குக் கீழே இறங்காதீர்கள்.

21-இல் கதை வேறு. உண்மையான லென்ஸ் வித்தியாசம் இங்கேதான். எம் மௌண்டில் லென்ஸ் பொருந்தும் விளிம்பு முதல் ஃபிலிம் வரை 27.8 மி.மீ.; நிக்கான் எஃப்-இல் 46.5, கேனான் ஈஎஃப்-இல் 44. இடையில் கண்ணாடி ஆட இடம் வேண்டுமே. அதனால் எஸ்எல்ஆரின் அகல லென்ஸ்கள் தலைகீழ் டெலிஃபோட்டோ அமைப்பில், முன்னால் பெரிய குழிலென்ஸோடு செய்யப்படுகின்றன. ரேஞ்ச்ஃபைண்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பயோகான், சூப்பர் ஆங்குலான் போன்ற அதன் அகல லென்ஸ்கள் ஏறத்தாழ சமச்சீராக, லென்ஸின் பின்முனை ஷட்டரை ஒட்டி நிற்க அமைந்தன. கோட்டு வளைவு மிகக் குறைவு. ஃபிலிமில் அந்த மூலைகள் அற்புதம்.

டிஜிட்டலில் அதே நெருக்கம் எதிராகத் திரும்புகிறது. மூலைக்குப் போகும் ஒளி மிகவும் சாய்ந்து விழுவதால் சென்சார் மேலுள்ள கண்ணாடித் தகட்டின் தடிமன் அதைக் கலைத்துவிடும். எம்9-இல் தகட்டை 0.8 மி.மீ.க்கு இளைத்து, ஓரத்து மைக்ரோலென்ஸ்களை (ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலுள்ள நுண்வில்லை) நகர்த்தி வைத்தது இதற்காகவே. அந்த லென்ஸை அடாப்டர் போட்டுத் தடித்த தகடு கொண்ட மிரர்லெஸ் (திருப்பும் கண்ணாடி இல்லாத) பாடியில் மாட்டி, மூலை இழுபடுகிறது என்று லென்ஸைத் திட்டுவது நியாயமே இல்லை. டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் இன்ஃபினிட்டியே வராது. ஆகவே அகல லென்ஸை அதனதன் பாடியோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

வெள்ளிஉப்பு:
ஒன்று சேர்க்கிறேன். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) ஒப்பிடுங்கள், இரண்டுக்கும் ஷார்ப்பனிங்கைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். உங்கள் டிஎஸ்எல்ஆரில் லோ பாஸ் ஃபில்டர் (சென்சார் முன்னால் நுண்விவரத்தை லேசாக மங்கவைக்கும் தகடு) இருக்கிறதா என்றும் பாருங்கள். நிக்கான் டி800-க்கும் டி800ஈ-க்கும் முக்கிய வித்தியாசம் அந்த ஃபில்டரின் வேலை மட்டுமே, இரண்டும் 36.3 மெகாபிக்சல். ஃபில்டர் உள்ள படத்தில் 0.7 ரேடியஸில் சிறிது ஷார்ப்பனிங் கொடுத்தால் இடைவெளியின் பெரும்பகுதி மூடிவிடும். மூலையைச் சோதிக்கும்போது மூலையிலேயே தனியாக ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். அது தெளிவாக வந்தால் நீங்கள் பார்த்தது ஃபோகஸ் தளத்தின் வளைவு. எஃப்/16-இல் சோதிக்க வேண்டாம். அங்கே விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) வரும் வட்டம் மட்டுமே 21 மைக்ரான், எல்லா லென்ஸும் ஒன்றுபோல் தெரியும்.