பதில்: ‘ரிலே சர்வீஸ்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். காது கேளாதவர்கள் தொலைபேசியில் பேச நடுவில் ஓர் ஊழியர் உதவும் ஏற்பாடுதான் ‘ரிலே சர்வீஸ்’. அதைப் பற்றிய நம் கட்டுரை வரைவுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம், இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> ‘தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கட்டுரை பேசுவது அமெரிக்க ஏற்பாட்டைப் பற்றி. அங்கே காது கேளாத ஒருவர் விசைப்பலகையில் தட்டுவதை, நடுவில் இருக்கும் ஊழியர் மறுமுனைக்கு வாய்விட்டுப் படிக்கிறார். மறுமுனை பேசுவதைத் தட்டச்சு செய்து இவருக்கு அனுப்புகிறார். இரண்டு பக்கமும் ஆங்கிலம்தான், மொழி எங்கே பெயர்கிறது? காணொளி வழியாக நடக்கும் வகையில் மட்டும் அமெரிக்கச் சைகைமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே உண்மையான மொழிபெயர்ப்பு உண்டு. பொதுச்சொல் இரண்டு வகைக்கும் இடம் தர வேண்டும்.

> ‘தூதுரைச் சேவை’ எப்படி? இலக்கிய மணமும் இருக்கிறது.

மணம் இருக்கிறது ஐயா, சிக்கலும் அதுதான். நம் இலக்கியத் தூதன் இடம் பார்த்து, காலம் பார்த்து, கேட்பவர் மனம் அறிந்து பேசுபவன். இந்த ஊழியருக்கு அந்த உரிமையே கிடையாது. 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் நான்காம் பகுதி இதில் கறாராக இருக்கிறது. பேசியதை வெளியே சொல்லக் கூடாது, அழைப்பு முடிந்தபின் பேச்சின் பதிவை வைத்திருக்கக் கூடாது, வேண்டுமென்றே எதையும் மாற்றவும் கூடாது. கணவன் மனைவி சண்டை என்றால் வசையும் வசையாகவே போய்ச் சேர வேண்டும். ‘உரைமாற்று’ என்ற பரிந்துரையும் இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. மாற்றக் கூடாது என்பதே விதியாக இருக்கும் வேலைக்கு ‘மாற்று’ என்று பெயர் வைப்பது சரியா?

> வானொலியில் சொல்லும் ‘அஞ்சல்’ போதாதா?

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை இது. ‘மற்ற நிலையங்கள் அஞ்சல் செய்கின்றன’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வாங்கியதை அப்படியே கடத்தித் தருவது என்ற பொருள் உடனே பிடிபடும். இலங்கையில் அஞ்சலோட்டம் என்று விளையாட்டிலும் புழங்குகிறது. ஆனால் மின்னஞ்சலும் குரலஞ்சலும் வேரூன்றிய பிறகு ‘உரையஞ்சல்’ என்றால் குறுஞ்செய்தி என்றுதான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை: உரைசேர்ப்பு. ‘உரை’ எழுத்துக்கும் பேச்சுக்கும் பொதுவானது, சைகைக்கும் நீட்டிக்கொள்ளலாம். ‘சேர்ப்பு’ என்பது கொண்டுபோய்ச் சேர்ப்பது. நடுவில் இருப்பவர் உரைசேர்ப்பாளர். கணினிக்காரர்கள் ‘இது இரண்டு எழுத்துச் சரங்களை (string) ஒட்டுவது போல இருக்கிறதே’ என்று கேட்பார்கள். கேட்கட்டும், இடம் பார்த்தால் குழப்பம் வராது.

கட்டுரையில் பெரும்பகுதி நிர்வாகம் என்பதால் சொல் கூட்டுச்சொற்களுக்கு வளைந்துகொடுக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன். இந்தச் சேவையைத் தரும் கடமையைச் சட்டம் தொலைபேசி நிறுவனங்கள் மேல் வைத்தது, 1993 ஜூலை 26 கெடு. மேற்பார்வை கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம். மாநிலத்துக்குள் நடக்கும் அழைப்புகளை, அந்த ஆணையத்தின் சான்று பெற்ற மாநிலத் திட்டங்கள் பார்த்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் இது பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் பொறுப்பு. ஆக, ‘மாநில உரைசேர்ப்புத் திட்டம்’. மாநிலம் தாண்டும் அழைப்புகளின் செலவுக்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயிலிருந்து பங்கு செலுத்தும் பொதுநிதி இருக்கிறது, ‘உரைசேர்ப்பு நிதியம்’. எந்த மாநிலத்திலிருந்தும் அழைக்க 711 என்ற ஒரே எண் 2001 அக்டோபரில் வந்தது, ‘உரைசேர்ப்பு எண்’. காணொளி வகை ‘காணொளி உரைசேர்ப்பு’. எதுவும் நாக்கில் சிக்கவில்லை.

சேவை தரும் நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் கிடைப்பதால் ‘ஈட்டுக்குரிய நிமிடம்’ (பணம் கோரத்தக்க நிமிடம்) என்றொரு சொல்லும் தேவைப்படும். இது சின்ன விஷயமில்லை. காணொளிச் சேவையில் பொய் அழைப்புகளால் நிமிடங்களைப் பெருக்கி நிதியத்தில் பணம் கறந்ததாக 2009 நவம்பரில் 26 பேர் மீது அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. எந்த நிமிடத்துக்குப் பணம், எதற்கு இல்லை என்பதில் விதிகள் இறுகியதன் பின்னணியைச் சொல்லும் பத்தியில் ‘பயன்பாட்டு நேரம்’ என்று பொதுவாக எழுதினால் விஷயமே விளங்காது.

அப்புறம், ‘சமத்துவம்’ என்று வரைவில் எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். காது கேட்பவர் தொலைபேசியைப் பயன்படுத்துவதற்கு நிகராக இந்தச் சேவை அமைய வேண்டும் என்பதுதான் சட்டத்தின் அளவுகோல். சாதாரண அழைப்பைவிடக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது, நாள் முழுவதும் கிடைக்க வேண்டும், பெரும்பாலான அழைப்புகளில் காத்திருப்பு குறித்த வினாடிகளுக்குள் முடிய வேண்டும் என்று அளந்து பார்க்கக்கூடிய விஷயங்கள் அதில் உண்டு. ‘செயல்நிகர்மை’ என்கிறேன். ‘செயல் ஒப்புமை’யும் வந்தது, ஆனால் ஒப்புமை என்றால் உவமை ஞாபகம் வருகிறது.

உரைசேர்ப்புக்கு மறுப்பு இருந்தால் வார இறுதிக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் முதல் இடத்தில் மட்டும் ‘ரிலே சேவை எனப்படும் உரைசேர்ப்புச் சேவை’ என்று போட்டு, மற்ற இடங்களில் தமிழ்ச்சொல்லை வைத்து வரைவைத் திருத்திவிடுகிறேன். மறுமுனை பேசுவது எழுத்தாகத் திரையில் ஓடும் தொலைபேசி வகைக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.