மறு: மறு: ஓய்வுக்கணக்கு 'டிஸ்டிரிபியூஷன்' – தமிழில் என்ன?

வணக்கம். அமெரிக்க வரி மென்பொருளின் தமிழ் உதவிப் பக்கங்களை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஓய்வுக்கணக்கிலிருந்து வெளியே வந்த பணத்தைத்தான் 'டிஸ்டிரிபியூஷன்' என்கிறார்கள்; அதைக் காட்டும் வரிப் படிவமான 1099-ஆரின் 16ஆம் கட்டத்தில் மாநில 'டிஸ்டிரிபியூஷன்' தொகை வருகிறது. 'பகிர்மானம்' என்றால் மின்வாரியம் நினைவுக்கு வருகிறது. 'எடுப்பு' போதுமா?

புலவர் ஐயா:
தருபவர் பக்கம் நின்றும் பாருங்கள். ஒன்றைக் கேட்கும்போது ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா ஒப்போன் கூற்று, கொடு உயர்ந்தோன் கூற்று என்பது தொல்காப்பியம். தன் பணத்தைத் தானே கேட்பவர் யாருக்கு இழிந்தவர்? ஆகவே 'கொடுபணம்'. பங்குதாரருக்கு 'ஈவுத்தொகை' என்று எழுதி அவரை இரவலராக்கிவிட்டார்கள். அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

நியூஜெர்சி கணக்காளர்:
ஐயா, தனி மடலே போடுங்கள். 'எடுப்பு' ஆபத்து. நிறுவன ஓய்வுத் திட்டத்திலிருந்து இன்னொரு ஓய்வுக்கணக்குக்குப் பணத்தை நேராக மாற்றினாலும் 7ஆம் கட்டத்தில் 'ஜி' குறியீட்டுடன் இதே படிவம்தான் வரும். "நான் எதையும் எடுக்கவில்லையே" என்று பெரியவர்கள் படிவத்தையே உள்ளிடாமல் விட்டுவிடுவார்கள். மாநில வரியோ இடத்துக்கு இடம் வேறு. இலினாய் இந்தப் பணத்துக்கு வரி கேட்பதில்லை. நியூயார்க் 59½ வயதானவருக்கு 20,000 டாலர் வரை விலக்குகிறது. உரிய வயதுக்கு முன் எடுத்தால் கூட்டரசின் 10 சதவீதக் கூடுதல் வரி போதாதென்று கலிபோர்னியா தன் பங்குக்கு 2.5 சதவீதம் தீட்டும். அந்த ஒரு திரைக்கு மட்டும் 'முன்கூட்டிய எடுப்பு' சரி. பொதுச்சொல்லாக 'பட்டுவாடா' வையுங்கள். ஓய்வூதியம் வாங்கிய எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

புலவர் ஐயா:
பட்டுவாடா தமிழா?

கணக்காளர்:
டாலர் தமிழா?

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:
சண்டை வேண்டாம். 'வழங்கல்' என்று வைக்கலாம். தருபவர் வினை, கணக்கு மாற்றத்துக்கும் பொருந்தும், தூய தமிழ்.

கணக்காளர்:
குடிமைப்பொருள் வழங்கல் துறை! ரேஷன் அட்டையைத் தேடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'வழங்கல்' பக்கம்தான் ஆட்கள் கூடுதல். 'கணக்கிலிருந்து வழங்கிய தொகை' என்று விரித்து எழுதிவிட்டேன். பொத்தானில் இடம் போதாத இடத்தில் 'வழங்கல்'. முன்கூட்டிய எடுப்பு அப்படியே இருக்கிறது. கோப்பு போய்விட்டது.

புலவர் ஐயா:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஈவுத்தொகை பற்றிய மடல் நாளை வரும்.