திங்க்பேட் டி480: ரேமை நானே போடலாமா?

பொதிகைக்காற்று கேட்டது:

வணக்கம். செகண்ட்ஹேண்டில் ஒரு திங்க்பேட் டி480 லேப்டாப் வாங்கியிருக்கிறேன். ஐ5 8250யு ப்ராசஸர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11. கல்லூரி ப்ராஜெக்டுக்கு, மொபைல் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தேவை. அதிலுள்ள எமுலேட்டரை (திரையிலேயே ஒரு போனைப் போல ஓடுவது) ஓடவிட்டு குரோமையும் திறந்தால் மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது. இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று நினைக்கிறேன். கடையில் 3200 வேகம்தான் இருக்கிறதாம், என்னுடையது 2400. இரண்டும் சேருமா? உள்ளேயும் ஒரு பேட்டரி உண்டு என்கிறார்கள், அதனால் திறக்கப் பயம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணினிக்கூடம் எழுதியது:

தம்பி, தாராளமாக நீங்களே செய்யலாம். எங்கள் கல்லூரி லேபில் இந்த மாடலைப் பராமரிப்பது என் வேலை. இவ்வளவு சுலபமாகத் திறக்கும் லேப்டாப் இப்போது குறைந்துவிட்டது, அதனாலேயே எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். எமுலேட்டர் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறங்கள். 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம்தான் குறை. 60-லேயே இருந்துகொண்டு டிஸ்க் 100-ஐத் தொட்டால் ரேம் போட்டுப் பயனில்லை, பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்ற வேண்டும். எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் அதே பக்கத்தில் தெரியும். இரண்டில் ஒன்று என்றால் பழையதைக் கழற்றவே வேண்டாம்.

3200 சேரும். உங்கள் ப்ராசஸரின் எல்லை 2400 என்பதால் புதியதும் அந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், அவ்வளவுதான். ஒற்றை 8 இரட்டை 8 ஆகும்போது ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான இரண்டு பாதைகளும் (சேனல்) வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். லேப்டாப்பை அணைத்தாலும் உள் பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போங்கள். கான்ஃபிக், அப்புறம் பவர். அங்கே உள் பேட்டரியை முடக்கும் வசதி இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அந்த வசதியைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் தானாக அணையும். பிறகு பின்னால் இருக்கும் பேட்டரியைக் கழற்றி, அடிப்பக்கத்து ஆறு ஸ்க்ரூவையும் தளர்த்துங்கள். அவை மூடியிலேயே நிற்கும், தொலையாது. ஓரத்துக் கொக்கிகளை ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டால் மெல்ல விடுவியுங்கள். கத்தி வேண்டாம்.

ரேமைத் தொடுமுன் ஏதாவது ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். ரேமில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் பொருந்த வேண்டும். சாய்வாக, தங்க நிறப் பட்டை கிட்டத்தட்ட மறையும்வரை செருகி, பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

பழைய மதர்போர்டு எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று. மாடல் பெயரைச் சரியாகப் பாருங்கள். டி480எஸ் என்றால் கதை வேறு: கொஞ்சம் ரேம் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும், காலி ஸ்லாட் ஒன்றுதான். கடையில் 'லேப்டாப் ரேம், டிடிஆர்4' என்று தெளிவாகக் கேளுங்கள். டிடிஆர்3-இல் 204 பின், டிடிஆர்4-இல் 260, ஒன்று மற்றதில் நுழையாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது, சிப் கம்பெனிகள் ஏஐ சர்வர் பக்கம் சாய்ந்ததால். சென்னைக்கு வர முடிந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழைய 2400-ஐயே விசாரியுங்கள், சோதித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

பொதிகைக்காற்று எழுதியது:

மிக்க நன்றி அக்கா, அண்ணா. போட்டுவிட்டேன்! எமுலேட்டர், குரோம் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. ஆனால் டாஸ்க் மேனேஜர் 16-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறதே, ரேமில் கோளாறா?

கணினிக்கூடம் எழுதியது:

கோளாறு இல்லை தம்பி. ப்ராசஸரிலேயே இருக்கும் கிராபிக்ஸுக்கும் மற்ற வன்பொருளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படும். அதே பக்கத்தில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் அந்தக் கணக்கு இருக்கும். இன்று இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.